கிடைக்காரருக்கு நாலு நாள் சார்ஜ்

செல்போன் பழுது பார்க்கிற தொழிலில் நோய்கள் ஆயிரம் உண்டு என்றாலும், கோவில்பட்டியில் என் கடைப் படியேறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றைத்தான்: "சார்ஜ் நிக்க மாட்டேங்கு."

காலையில் நூறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு இருபது, சாயங்காலம் கறுப்புத் திரை என்று வாழ்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம் கூட்டம்தான். கல்யாண வீட்டில் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கிறதுக்கு முன்னால் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்தவர்கள்தான்.

என் கடையில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. போனோடு கம்பெனி போட்டு அனுப்பிய மென்பொருளை மொத்தமாகத் துடைத்துவிட்டு, அதைவிட லேசான வேறொன்றை ஏற்றுவேன். அப்புறம் பிராசஸரில் கை வைப்பேன். ஒரு போனுக்குள் எட்டு மூளை இருக்கிறது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்ப எட்டும் எதற்கு? எட்டு மாடு பூட்டிக் கீரைப்பாத்தியை உழுகிற கதைதான் அது. நாலைத் தூங்க வைத்து, மீதி நாலின் வேகத்தைக் குறைத்தால் அரை நாள் நிற்கிற பேட்டரி ஒன்றரை நாள் நிற்கும். பாலிடெக்னிக்கில் படித்தது பாதி, சொந்தப் போன்களைச் சாகடித்துக் கற்றுக்கொண்டது மீதி. 'செல்வி கையில போனைக் கொடுத்தா சார்ஜரை மறந்துரலாம்' என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான்.

தலைக்கு மேலே கரண்டு

மாடசாமி வந்தது வைகாசிக் கடைசியில். கிடை போடுகிறவர். அறுப்பு முடிந்த கரிசல் காட்டில் ராத்திரி ஆடுகளை அடைத்துவைத்தால் நிலத்துக்கு அதுவே உரம். ஒரு காட்டில் இரண்டு நாள், அடுத்த காட்டில் மூன்று நாள் என்று இருநூறு ஆடுகளோடு நகர்ந்துகொண்டே இருப்பார். துணைக்கு மச்சினன் ஒருவன், அவனிடம் போன் கிடையாது. வீடு கடம்பூர்ப் பக்கம் ஒரு கிராமம். நாலு நாளைக்கு ஒரு தடவை பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவாராம். ஒரு நாளிலேயே அது செத்துவிடுகிறது.

அவருக்கு நாலு நாள் நின்றாக வேண்டும். மனைவி பேச்சியம்மாளுக்கு நிறை மாதம். மூத்த பெண் பிறந்தபோது அவர் போன் அணைந்து கிடந்தது. தகவல் தெரிந்து ஓடியது மூன்றாம் நாள். அந்தப் பிரசவத்தில் பேச்சிக்கு ரத்தம் நிறையப் போய், பிழைத்ததே பெரிதாகிவிட்டது. "மயக்கத்துலயும் என்னயத்தான் கேட்டாளாம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். இந்தத் தடவை கூப்பிட்ட உடனே போய் நின்றுவிட வேண்டும். வேறெதுவும் அவருக்கு வேண்டாம்.

பட்டன் போன் வைத்துக்கொள்ளலாமே என்றேன். மகள் அனுப்புகிற படத்தைப் பார்க்காமல் தூக்கம் வராதாம். பவர் பேங்க்? வாங்கினாராம், கிடாய் ஒன்று வயரை மென்றுவிட்டதாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "நாலு என்ன நாலு, ஆறு நாள் நிக்கும் தம்பி" என்றேன். கயத்தாற்றைச் சுற்றி நிற்கிற காற்றாலைகளை எங்கள் பக்கம் காத்தாடி என்போம். போனை என் கையில் கொடுத்துவிட்டு மாடசாமி சொன்னார்: "இப்பக் கிடை போட்டுருக்கதே காத்தாடிக்குக் கீழதான்க்கா. தலைக்கு மேல ஊருக்கெல்லாம் கரண்டு சுத்துது, எனக்கு ஒரு சொட்டு எறங்க மாட்டேங்கு."

சும்மா கிடந்து களைத்த போன்

மாடசாமியின் போனுக்கு வழக்கமான வைத்தியத்தைவிட ஒரு படி அதிகமாகவே செய்தேன். திரை அணைந்து கொஞ்ச நேரம் யாரும் தொடவில்லை என்றால் போன் முழுசாக அசந்து தூங்கிவிடுகிற மாதிரி ஓர் அமைப்பு. மேசையில் வைத்தே என் போனிலிருந்து கூப்பிட்டேன். நன்றாக அடித்தது. பெருமையாகக் கொடுத்தனுப்பினேன்.

அன்றைக்கே தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற முத்துமாரி வந்தாள். காலையில் நூறோடு போகிற போன் சாயங்காலம் பத்தோடு வருகிறது, இத்தனைக்கும் நாள் முழுக்க அதைத் தொடுவதே இல்லை என்றாள். எங்கே வைக்கிறாய் என்று கேட்டேன். தீக்குச்சி மருந்து இருக்கிற இடத்துக்குள் போன் போகக் கூடாது, ஆகவே வாசலில் ஓர் இரும்புப் பெட்டியில் எல்லார் போனையும் வாங்கிப் போட்டுப் பூட்டிவிடுவார்களாம். விஷயம் விளங்கிவிட்டது. இரும்புப் பெட்டிக்குள் டவர் கிடைக்காது. கிடைக்காத டவரைப் போன் விடாமல் தேடிக்கொண்டே இருக்கும். பேட்டரியை அது மாதிரித் தின்கிற வேலை வேறு கிடையாது.

மென்பொருளையும் மாற்றவில்லை, மூளையையும் தூங்க வைக்கவில்லை. வேலை நேரம் தொடங்கும்போது தானாகவே ஏரோப்ளேன் மோடுக்குப் போய், விடுகிற நேரத்தில் திரும்பி வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். காரணத்தைப் பொறுமையாகக் கேட்ட முத்துமாரி சொன்னாள்: "நான் உள்ள நின்னு வேல பாக்கேன், இது வெளிய சும்மா கெடந்து களச்சுப் போகுது. எங்க வீட்டுக்காரரும் இதே மாடல்தான்க்கா."

நிம்மதி

மூன்றாம் நாள் காலை மாடசாமியே கூப்பிட்டார். "எழுவத்தெட்டுக்கா" என்று ஸ்கோர் சொல்கிற மாதிரி ஆரம்பித்தார். சாயங்காலம் சாயங்காலம் வீட்டுக்குப் பேசுகிறாராம். பேச்சி நன்றாக இருக்கிறாளாம். மகள் பல் விழுந்த வாயோடு படம் அனுப்பியிருக்கிறாளாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடையில் சொன்னேன், எதிர்த்த டீக்கடையில் சொன்னேன், ரீசார்ஜ் பண்ண வந்தவர்களிடமும் கேட்காமலே சொன்னேன்.

போனை வைப்பதற்கு முன்னால் மாடசாமி இன்னொன்று சொன்னார். அதையும் நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்: "நீங்க போட்டது நல்ல சாப்ட்வேருக்கா. காட்டுக்காரவுக 'எங்க காட்டுக்கு எப்ப வாரீரு'ன்னு நாள் பூரா போனப் போட்டுப் பிடுங்குவாக. மூணு நாளா ஒருத்தரும் கூப்பிடல, அம்புட்டு நிம்மதியா இருக்கு."

மோட்டார் கூப்பிடவில்லை

ஐந்தாம் நாள் காலை, கடையைத் திறக்கும்போதே கந்தசாமி அண்ணாச்சி படியில் நின்றார். ஓட்டப்பிடாரம் ரோட்டில் கிணறும் கொஞ்சம் வெண்டையும் வைத்திருக்கிறவர். அவர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஒரு சிம் கார்டு உண்டு. த்ரீ பேஸ் கரண்டு வந்தால் மோட்டார் அவருக்குப் போன் பண்ணும், இவர் வீட்டில் இருந்தே அதை ஓடவிடுவார். இவர் போனும் மாடசாமி போனும் ஒரே மாடல். இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே வைத்தியம் பார்த்தவள் நான்.

"கரண்டு வந்து வந்து போகுது, மோட்டார் என்னக் கூப்பிட மாட்டேங்கு. ஸ்டார்ட்டர்காரனத் திட்டித் தீத்துட்டேன், அவன் உன்னப் போய்ப் பாருங்கான்" என்றார். நான் சிரித்துக்கொண்டே அவர் போனை வாங்கி மேசையில் வைத்து, என் போனில் அவர் நம்பரைப் போட்டேன். அடித்தது. "பாத்தீகளா அண்ணாச்சி?" என்றேன். அவர் அசரவில்லை. "நீ தொட்டா அடிக்கும். தொடாம இருந்து பாரு" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போன் பக்கம் யாரையும் அண்டவிடவில்லை. இரண்டு டீ குடித்தார், பேப்பரை ராசிபலன் வரை படித்தார். அப்புறம் கூப்பிடச் சொன்னார். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது பதிவுசெய்த பெண் குரல். போனைத் தொட்டேன். திரை எரிந்தது, டவர் வந்தது, பேட்டரி தொண்ணூறு காட்டியது.

நான் செய்த முட்டாள்தனம் இதுதான். போன் அசந்து தூங்கும்போது டவரையும் கைவிட்டுவிடுகிறது. வைத்தியம் பார்த்த கையோடு கூப்பிட்டால், அப்போது அது விழித்திருக்கிறது, அடிக்கத்தான் செய்யும். தூங்கவிட்டுக் கூப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று நாளாக ஒருத்தரும் கூப்பிடவில்லை என்று மாடசாமி சொன்னாரே, அது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அவரைக் கூப்பிட்டேன். எல்லைக்கு வெளியே. பில் புத்தகத்தில் பேச்சியின் செல் நம்பரும் இருந்தது. எடுத்தது பேச்சியின் தங்கை. "விடியக்காலமே வலி கண்டுட்டு. கோவில்பட்டி பெரியாஸ்பத்திரியிலதான் இருக்கோம். ஆறு மணியிலேருந்து அத்தானக் கூப்பிடுதோம், போன் போகல. தேடிப் போக ஆளில்ல. அக்கா பேச மாட்டேங்கா, சுவத்தப் பாத்துப் படுத்திருக்கா."

எல்லாவற்றையும் அண்ணாச்சியிடம் கொட்டினேன். காலையில் இருந்து என் மேல் கோபமாக இருந்த மனிதர் கடைச் சாவியை என் கையில் இருந்து வாங்கிக்கொண்டு சொன்னார்: "வெண்டை கெடக்கட்டும்மா, அது ஒரு தண்ணியில தெளிஞ்சிரும். கடைய நான் பாத்துக்கிடுதேன், நீ போயி அந்தப் பயலக் கூட்டிட்டு வா."

கிடை எந்தக் காட்டில்

கயத்தாறு தாண்டி, காத்தாடிப் பக்கம். தங்கைக்குத் தெரிந்தது அவ்வளவுதான். என் ஸ்கூட்டர் அதுவரை போகாத வேகத்தில் போனேன். லாரிகள் நிற்கிற டீக்கடை ஒன்றில் கேட்டதும், "கிடைக்காரரா? ஓடைக்கு அந்தப் பக்கம், மூணாவது காத்தாடி" என்று கையைக் காட்டினார்கள். போன் தொலைத்த ஆளை ஆடு காட்டிக்கொடுத்தது.

தார் ரோட்டை விட்டு இறங்கியதும் வண்டி நின்றுவிட்டது. முந்தின நாள் கோடை மழை. கரிசலில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பி, தள்ளவும் முடியவில்லை. அங்கேயே போட்டுவிட்டு நடந்தேன். அடிக்கு அடி செருப்பு கனத்துக்கொண்டே வந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். நேரம் போகப் போக அழுகை வந்தது. ஒரு பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதற்கு நான் காரணம் என்கிற நினைப்பு நடக்கவே விடவில்லை.

தூரத்தில் என்னைப் பார்த்துவிட்டு மாடசாமியே எதிரே ஓடிவந்தார். நான் வாய் திறப்பதற்குள் மடியில் இருந்து போனை எடுத்து நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. "அறுவத்தி நாலு! இதப் பாக்கவாக்கா இம்புட்டுத் தூரம் வந்திய?" அவர் விரல் பட்டதும் போன் விழித்தது. பேச்சியின் போனில் இருந்து தங்கை அனுப்பிய செய்திகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. எல்லாம் ஒரே கேள்வி, 'எங்க இருக்கிய?' நான் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மச்சினனைப் பார்த்து ஆடுகள் பக்கம் கையைக் காட்டிவிட்டு, தழை இழுக்கிற துரட்டியை எடுத்துக்கொண்டு கேட்டார்: "வண்டி எங்கன நிக்கிக்கா?"

பெரியாஸ்பத்திரி வராந்தாவில்

துரட்டிக் கம்பால் சக்கரத்து மண்ணை அவர்தான் நோண்டி எடுத்தார். வழியில் ஒரே ஒரு தடவை, "இன்னும் கொஞ்சம் வெரசாப் போகலாமாக்கா" என்று கேட்டார். முறுக்கினேன்.

வராந்தாவில் தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு பேச்சி மெல்ல நடந்துகொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் கரிசலோடு வந்து நின்ற புருசனைப் பார்த்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே கூட்டிப்போகிறவரை அந்தப் பிடியை விடவில்லை. நர்ஸ் நீட்டிய தாளில் மாடசாமி கையெழுத்துப் போட்டார். அப்புறம் அதே வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். நானும் போகவில்லை, போக மனசு வரவில்லை. மத்தியானம் பையன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம் என்று சொன்னார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்று நன்றாக அழுதேன்.

சாயங்காலம் கட்டிலருகே போய், "தப்பு என் மேலதாம்மா, அவரு போன அணைய விடல" என்று பேச்சியிடம் சொன்னேன். மாடசாமி ஆதாரம் காட்டுகிற மாதிரி போனை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். "பாரு, இப்பவும் அம்பத்தொம்பது இருக்கு." அவள் போனைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கு ஆறு நாளெல்லாம் வேண்டாம்க்கா. ஒரு நாள் நின்னாலும் போதும், நான் கூப்பிட்டா அடிக்கணும்."

அன்றிலிருந்து எந்தப் போனுக்கு வைத்தியம் பார்த்தாலும் தொடாமல் தூங்கவிட்டு, நானே கூப்பிட்டு, அது அடித்த பிறகுதான் ஆள் கையில் கொடுக்கிறேன் என்பதால், ஊருக்கெல்லாம் சார்ஜ் நிற்க வைக்கிற செல்வியின் சொந்தப் போன் மட்டும் தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே செத்துப்போகிறது.