தானாக வந்த கோடுகள்

பொன்னேரியில் ஒரு கட்டட இன்ஜினீயரின் அலுவலகத்தில் நான் வரைபடம் போடுகிறேன். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கோட்டைக்குப்பத்தில் மீன் ஏலம் விட ஒரு கொட்டகை கட்டும் வேலை வந்தபோது சார் என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊருதானே, நீயே போடு" என்றார். அதுவரை பிறர் வீட்டுக் குளியலறைகளையும் மாடிப்படிகளையும்தான் வரைந்திருந்தேன். உற்சாகம் தாங்கவில்லை. நேரான தகரக் கூரை போதும் என்று சொல்லியிருந்தார்கள். நான் வளைந்த கூரை போட்டேன்.

நான் கணினியில் வரையும் மென்பொருளுக்கு உண்மையில் வளைவு தெரியாது. சின்னச் சின்னத் தட்டைப் பட்டைகளை ஒட்டவைத்து வளைவு என்று நம்மை நம்பவைக்கும். ஒட்டிய இடத்திலெல்லாம் ஒரு கோடு நிற்கும். நான் கூரையைத் துண்டு துண்டாகச் செய்ததால் குறுக்கேயும் கோடுகள். கடைசியில் துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தேன். அதற்குள் ஊரிலிருந்து நைனா போன் செய்தார்.

"ஊர்க் கூட்டம் போட்டுக்கீறாங்க. படத்தை எட்த்துகினு வா. எல்லாரும் கேக்கறாங்க."

இருந்தது இருந்தபடியே பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு போனேன்.

ஊர்த் தலைவர் தாளை ஒரு ஐஸ் பெட்டியின் மேல் விரித்தார். சுற்றி இருபது தலைகள் குனிந்தன. தலைவர் கூரையின் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னாம்மா, வலையா? காக்காய்க்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். "பின்ன? ஏலம் போடறப்போ காக்கா இன்னா பாடு படுத்துது! எம் பொண்ணு அதெல்லாம் யோசிச்சுத்தான் போட்டுக்கீது."

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு, அது நான் துடைக்க மறந்த குப்பை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"யோசனை நல்லாத்தான் கீது. கண்ணிதான் பெருசு. காக்கா பூந்துடும்" என்றார் தலைவர். நண்டு வலை கட்டினால் போதும் என்றார் ஒருவர். அதில் காக்கா காலை மாட்டிக்கொண்டு கத்தும், ஏலம் காதில் விழாது என்றார் இன்னொருவர். கால் மணி நேரம் இதுவே ஓடியது.

அப்புறம் ஒருவர் தரையைப் பார்த்தார். இரண்டு செவ்வகங்களைச் சேர்த்துத் தரை செய்திருந்தேன். சேர்த்த இடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஒரு கோடு.

"இந்தக் கோட்டுக்கு அந்தாண்ட யாரு, இந்தாண்ட யாரு?"

கேட்டவர் ஏரியில் இறால் பிடிக்கிறவர். கோடு சரிபாதியில் விழவில்லை என்பதையும் அவரே கண்டுபிடித்தார். "கடல் மீனுக்கு அம்மாம் எடம், எங்க இறாலுக்கு இத்துனூண்டா?"

"அது ஒண்ணும் இல்லண்ணா. சும்மா கோடு."

"சும்மா யாருனா கோடு போடுவாங்களா?"

"நான் போடலண்ணா. அதுவா வந்துச்சு."

"அதுவா வந்துச்சாம்!" என்று அவர் சுற்றிலும் பார்த்தார். யாரும் என்னை நம்பவில்லை. கடலுக்குப் போகிறவர்களில் ஒருவர் தங்கள் பக்கத்தை விரலால் முழம் போடவே ஆரம்பித்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்து கொண்டுவருகிறேன் என்று தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் முதல் வேலையாகக் கணினியில் அழிப்பானை எடுத்துக் கூரையில் ஒரு கோட்டைத் தேய்த்தேன். கோட்டோடு சேர்ந்து கூரையிலும் ஒரு துண்டு காணாமல் போயிற்று. பின்னால் நின்ற சார், "கன்ட்ரோல் கீயை அழுத்திக்கிட்டுத் தேய்ம்மா. கோடு மட்டும் மறையும், கூரை நிக்கும்" என்றார். அதற்கப்புறம் கை நிற்கவில்லை. பேன் பார்ப்பதுபோல் மூலை மூலையாகத் தேடி எடுத்தேன். கூரை முட்டை ஓடு மாதிரி வழவழவென்று ஆயிற்று. தரையில் கண்ணில் பட்ட எல்லாக் கோட்டையும் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஐஸ் பெட்டி, அதே தலைகள். இந்த முறை மீன் விற்றுவிட்டுத் திரும்பிய அம்மாவும் அவள் கூட்டாளிகளும் கூடைகளோடு வந்து நின்றார்கள்.

"வலை எங்கம்மா?" என்றார் தலைவர்.

"அது வலையே இல்ல தலைவரே. தப்பா வந்த கோடு."

நைனா ஏரிப் பக்கம் பார்த்து இருமினார். தலைவர்தான் பெரிய மனசோடு, "தப்பா வந்தாலும் நல்லா வந்துச்சேம்மா. போவட்டும், வலைதானே, நாங்களே கட்டிக்கறோம்" என்றார்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து தாளைப் பார்த்தாள்.

"தண்ணி எங்கடி போவும்?"

"எந்தத் தண்ணி?"

"மீன் கழுவுற தண்ணி, ஐஸ் உருகுற தண்ணி. உங்க நைனா தலையிலயா ஊத்துறது?"

தரை ஓரமாக ஒட்டினாற்போல் ஓடிய இரண்டு கோடுகளைத் துடைத்தபோது எவ்வளவு திருப்தியாக இருந்தது என்று நினைவு வந்தது. அவை தானாக வந்தவை அல்ல. நானே அளந்து போட்ட சாக்கடை.

"அழிச்சிட்டேம்மா."

"படிச்சவளே, பென்சிலைக் குடு."

அம்மா சாக்கடையை ஒரே இழுப்பில் போட்டாள். பாம்பு போல் நெளிந்தாலும் தண்ணீர் போக வேண்டிய பக்கம்தான் போயிற்று. பக்கத்திலிருந்தவள் பென்சிலைப் பிடுங்கிக் கூடை இறக்கிவைக்க ஒரு மேடை போட்டாள். இன்னொருத்தி குழாய் வைத்தாள். அது யார் பக்கத்தில் வருகிறது என்று இறால்காரர் ஆரம்பித்தார்.

"பக்கம் இன்னா பக்கம்? மொதல்ல வர்றவன் மொதல்ல ஒக்காரட்டும்" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை அந்தத் தாளை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். ஈரக் கைகள் பட்டுப் பட்டு அது இறால் வாடை வீசியது. ஸ்கேனர் மேல் வைக்கக் கூடாது என்று சார் மூக்கைப் பொத்திக்கொண்டு சொல்லிவிட்டார். வெளிவாசலில் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்து, போனில் படம் எடுத்துக்கொண்டேன். பூனை ஒன்று வந்து தாளின் மேல் உட்கார்ந்து, விரட்டியும் எழாததால் குழாய் இருந்த இடம் மட்டும் படத்தில் விழவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டு வரைந்தேன்.