திரையோரத்து விளக்கு

சவுதியின் அல் கோபாரில் எங்கள் மேல்மாடி வீட்டுக்காரர், வெள்ளிக்கிழமை மதியங்களில் புரொஜெக்டரில் படம் போட்டு, கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்களை எல்லாம் அழைப்பார். வழுக்கைத் தலை, பெரிய மீசை. ஜன்னல்களில் அலுமினியத் தாள் ஒட்டி, ஏசியில் மினுங்கும் பச்சைப் பொட்டைக்கூட டேப்பால் மூடியிருப்பார். ஆனால் திரையோரம் எங்களைப் பார்த்து உட்காரும் அவருடைய காலடியில் மட்டும் ஒரு குட்டி விளக்கு எரியும்.

"அதையும் அணைச்சிடலாமே சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாஃபி, மாஃபி!" என்று அரபியில் மறுத்தார். "படத்த நான் நேத்தே பாத்துட்டேன். நீங்க எங்க சிரிக்கிறீங்கன்னு பாக்க வேணாமா?"

நகைச்சுவைக் காட்சி வருமுன்பே அந்த வெளிச்சத்தில் அவர் மீசை துடிக்கத் தொடங்கிவிடும். அதைப் பார்த்தே நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். படம்தான் எங்களுக்குப் பிடித்துவிட்டதென்று அடுத்த வாரமும் அதையே போடுவார்.

நாங்களும் போவோம்.