மண்ணெண்ணெய் கேன்களால் போட்ட வரைபடம்

மைக் கட்டி "அனைவரும் வருக" என்று கூவினால் அனைவரும் வந்துவிடுவார்கள் என்று நான் உண்மையாகவே நம்பினேன். நாற்பது வயதில். அதுவும் சிதம்பரத்தில் ஐந்து நாள் சமூகப் பணிப் பயிற்சி முடித்த கையோடு.

சுனாமிக்கு இரண்டு மூன்று வருடம் கழித்து, அண்ணாகிராமம் பக்கம் ஒரு கிராமம். முந்திரித் தோப்புக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. புதிதாக ஒரே ஒரு பொதுக் குழாய் வரப்போகிறது. அது எங்கே வேண்டும் என்று மக்களே கூடி வரைபடம் போட்டுச் சொல்ல வேண்டும். அவர்களைக் கூட்டுவது என் வேலை. நிழல் இருக்கிறதே என்று மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டினேன். ஊர்ப் பெண்கள் கோலப்பொடியில் தெரு, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் அழகாக வரைந்தார்கள். குழாய் கோயில் பக்கம் என்று முடிவானது. நான் கைதட்டினேன். காலனி இருக்க வேண்டிய இடத்தில் என் செருப்பு கிடந்தது.

காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. 'ஆர்வம் இல்லை' என்று நோட்டில் எழுதிக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். தோப்பு ஓரமாக ஒரு காலனிப் பெண் இடுப்பில் குடத்தோடு வந்தாள். ஏழு மாத வயிறு. கரும்புக் கொல்லை மோட்டாரில் பிடித்த தண்ணீர். போக வர ஒரு மைல் இருக்கும்.

"கூட்டத்துக்கு ஏம்மா வரல?"

"கோயில் வாசல்ல வச்சிட்டு ஏன் வரலன்னா எப்டி சார்? நாங்க அங்க வந்து ஒக்காந்து எப்ப பாத்தீங்க?" குடத்தை மறுபக்கம் மாற்றினாள். "ரெண்டு வாட்டி வழுக்கி வுழுந்துட்டேன். கொழா எங்க தெருவுல வந்தா, புள்ள பொறக்கற வரைக்குமாவது நடக்காம இருப்பேன்."

மறுநாள் காலை பத்து மணிக்குக் குழாய்க்கு இடம் குறிக்க என்ஜினியர் வருகிறார். அந்த யோசனையில் கடலூருக்குப் போக வேண்டிய வண்டியைப் பண்ருட்டிப் பக்கம் அரை மணி நேரம் ஓட்டியிருக்கிறேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் ஜுரம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "இது ஜுரம் இல்ல, பயம். காலைல ஒழுங்கா கெளம்புங்க" என்றாள்.

காலையில் போனால், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாள். ஊரும் காலனியும் ஒரே வரிசையில் நிற்பது அந்த வாசலில் மட்டும்தான். வெயிலில் கேன்கள் வரிசையாக இடம் பிடித்து நின்றன. ஆட்கள் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். எனக்குப் பொறி தட்டியது. குச்சியால் மண்ணில் தெருக்களைக் கிழித்தேன். இருக்கிற குழாய்களுக்குச் செங்கல் வைத்தேன். "அவங்கவங்க கேனை அவங்கவங்க வூடு இருக்கற எடத்துல வைங்க!"

எல்லோரும் வைத்தார்கள். வரிசை என்று ஒன்று இனி இல்லை என்பது அதன் பிறகுதான் எல்லோருக்கும், கடைசியாக எனக்கும், உறைத்தது.

"யோவ், நான் மூணாவது ஆளுய்யா! விடியறதுக்குள்ள வந்து வச்சேன்!"

"நீ மூணாவதுன்னா நான் யாரு?"

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். நான் ஒரு முருங்கை மரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். முருங்கை மரம் ஆளை மறைக்காது என்பது அந்த அவசரத்தில் தோன்றவில்லை. அப்போதுதான் என்ஜினியரின் ஜீப் வந்து நின்றது.

அவர் சண்டையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். ஊரில் மூன்று செங்கல். காலனியில் கேனோடு கேன் இடிக்கிற நெருக்கம். செங்கல் ஒன்றுகூட இல்லை.

"நேத்தே கோயில் பக்கம்னு முடிவாயிடுச்சு சார்" என்றார் ஊர்க்காரர் ஒருவர்.

"அங்கதான் மூணு இருக்கே மாமா, நாலாவதுல என்ன பாலா வரப்போவுது?" என்றாள் முந்தின நாள் கோலப்பொடி போட்ட பெண்களில் ஒருத்தி. "மொதல்ல என் கேன் எங்கன்னு பாருங்க."

சிரித்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரரும் முணுமுணுத்துக்கொண்டே, குழாய் காலனிக்கு என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டார்.

குழாய் காலனித் தெருவில்தான் வந்தது. பள்ளம் தோண்டி, பைப் இறக்கி, தண்ணீர் விட்ட அன்று, குடத்தோடு வந்த அந்தக் காலனிப் பெண்ணின் குழந்தைக்குப் பதினோரு நாள். பிரசவத்துக்கு முதல் நாள் வரை அவள் மோட்டாருக்கு நடந்துதான் போனாள்.