மாமனார் போன ஜெயில், சித்தப்பா போன ஜெயில்

என் கணவர் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். நாட்டில் எது நடந்தாலும், இது முன்னே எப்போது நடந்தது என்று யோசிப்பார். அவசரநிலை வந்தபோது அவருக்கு உடனே நினைவு வந்தது நாற்பத்திரண்டு. அப்போதுதான் என் மாமனார் வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போனார். மாலை போட்டு ரயிலேற்றினார்களாம். உள்ளே படிக்கப் புத்தகம் கிடைத்ததாம். சதை போட்டுத் திரும்பினாராம்.

மாநில அரசைக் கலைத்ததும் போளூரில் ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். அங்கே ஒரு கூட்டத்தில் இவரும் அவசரநிலையைக் கண்டித்துப் பேசியிருந்தார். பக்கத்துக் கொல்லையில் சாமை போடுகிறவர் அன்று சாயங்காலமே வந்தார்.

"சார், எங்க மாமியா வூடு காட்டுக்குள்ளாற இருக்குது. ரோடு கெடையாது. கொஞ்ச நாள் அங்க போய் இருங்க."

"நான் இன்னா திருடனா? எங்கப்பா ஓடுனாரா?"

எனக்குத் தெரிந்த ஜெயில் வேறு. சுதந்திரத்துக்குப் பிறகு கம்யூனிஸ்டுகளைத் தேடிய காலத்தில் என் சித்தப்பாவைக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர் சாகிறவரை நிமிர்ந்து நடக்கவில்லை.

"உங்கப்பாவுக்கு மாலை போட ஜனம் வந்திச்சி," என்றேன். "எங்க சித்தப்பாவ இட்டுனு போனப்ப தெருவே கதவ சாத்திக்கிச்சி. இப்பவும் அப்டித்தான இருக்குது? பேப்பர்காரனே வாயத் தொறக்கல."

"அவங்க துப்பாக்கி எடுத்தவங்க. அது வேற."

"அவரு நோட்டீஸுதாங்க குடுத்தாரு."

"நீ பயத்துல பேசற," என்றார்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறினார். வாத்தியார் வீடுகள் ஒன்றிலிருந்தும் யாரும் வெளியே வரவில்லை.

ஒரு வருஷம் கழித்து வந்தார். வலது கை விரல்கள் மடங்கவில்லை. சோற்றை நான்தான் பிசைந்து ஊட்டினேன். தேர்தலில் டெல்லி ஆட்சி தோற்றதும் கூட வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் இனிப்போடு வந்து, இரண்டாவது சுதந்திரம் என்றார். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சரித்திர வகுப்பை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துப் பூகோளம் வாங்கிக்கொண்டார்.

சில வருஷங்களில் மலைக்குள் மறுபடி போலீஸ் வந்தது. இந்த முறை நக்சலைட் என்று தேடியது இளவட்டங்களை. இவரிடம் படித்த ஒருவனின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"புள்ளைய ஸ்டேஷனுக்கு வரச் சொல்றாங்க சார். நேரா போய் சொல்லிட்டா வுட்டுடுவாங்களா?"

அவர் என் பக்கம் திரும்பி, "நீ சொல்லு," என்றார்.

"அனுப்பாதீங்க," என்றேன்.

அந்த அம்மா தலையாட்டிவிட்டு வேகமாக இறங்கிப் போனாள். அவர் எழுந்து புழக்கடைப் பக்கம் போனார். அவர் சத்தம் போட்டு அழுது நான் கேட்டது அன்றுதான். நான் போகவில்லை. சமையல்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து, அவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.