நோலீன் முடிக்காத பெட்டி

ஒரு வேலை நன்றாகக் கைவந்துவிட்டது என்பதற்காகவே அதைச் சாகும்வரை செய்துகொண்டிருக்க வேண்டுமா? நோலீன் கிராக்நெல்லின் எழுபத்தோராம் வயது இந்தக் கேள்வியைத்தான் எங்கள் முன் வைத்தது.

நியூசிலாந்தின் இந்தச் சிற்றூரில் வியாழன்தோறும் ஒரு சங்கமாகக் கூடி, எங்கள் சவப்பெட்டிகளை நாங்களே செய்துகொள்கிறோம். பெட்டி முடிந்த அன்று உரியவர் அதில் படுத்து அளவு பார்ப்பார். மற்றவர்கள் அவருக்குத் தேநீர் கொடுப்பார்கள். நோலீன் நாற்பது வருடம் பொழுதுபோக்காக மரவேலை செய்தவள். சங்கத்தில் பாதிப் பேரின் பெட்டிகளுக்கு மூலை இணைத்தது அவள்தான். தன்னுடையதை ரிமு என்ற இந்த நாட்டுக் காட்டு மரத்தில் தொடங்கினாள். அடியும் பக்கங்களும் முடிந்தன. மூடிக்குப் பலகை அறுக்கும்போது ரம்பத்தை நிறுத்தி, "எனக்குச் சலிச்சுப் போச்சு" என்றாள்.

யாரும் நம்பவில்லை. சாவுபயம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினோம். சவப்பெட்டி செய்கிறவர்களுக்குத்தான் இப்படித் தோன்றும்.

அவள் புல்தரையில் பந்து உருட்டப் போனாள், இரண்டு வாரம். படம் வரைந்தாள், ஒரு மாதம். பிறகு டிரம்ஸ் வாங்கினாள்.

தன் உளிகளை எடுத்துப்போக வந்த அன்று சங்கத் தலைவர் கிளைவ் டஃப்ரி வழிமறித்தார்.

"என்ன நோலீன், மூடியில்லாமயே போகப் போறியா?"

"மழை பெஞ்சா நனைஞ்சுட்டுப் போறேன்."

"பயமா இருந்தா சொல்லும்மா, இதுல என்ன வெக்கம்? மூடிய நாங்க போட்டுத் தர்றோம்."

"என் மரத்துல கைய வெச்சுப் பாரு. விரல எண்ணிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவே."

செருப்பைக் கழற்றினாள். அரைகுறைப் பெட்டிக்குள் இறங்கிப் படுத்தாள். "டீ எங்கப்பா?" என்றாள். கொடுத்தோம். முழங்கையை ஊன்றி, அவசரமில்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"பயமாம்ல! நாப்பது வருஷம் அரை மில்லிமீட்டர் பிசகாம இருந்தாச்சு. இனிமே தப்புத்தப்பா ஏதாச்சும் செய்யப்போறேன். யாருக்கு என்ன?"

காலிக் கோப்பையைக் கிளைவ் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

தப்பாகத்தான் வாசித்தாள். நான் பக்கத்து வீடு; நான்கு வருடத்தில் ஒருமுறைகூடத் தாளம் சேரவில்லை. ஒருநாள் சொல்லியும் பார்த்தேன். "உன் ஜன்னல சாத்து" என்றாள். ஆனால் ஒரு நாளும் அவள் வாசிக்காமல் இருந்ததில்லை.

போன குளிர்காலத்தில் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. மூடி போட இப்போதாவது சம்மதிப்பாளா என்று கிளைவ் ஆள் அனுப்பினார். அவள் ஈமச்சடங்குக் கடைக்குத் தானே போன் செய்து, இருப்பதிலேயே மலிவான பெட்டியைக் கேட்டாள். மரத்தூளை அழுத்திச் செய்து, மரம் மாதிரி அச்சடித்த தாளை மேலே ஒட்டியது. வியாழக்கிழமைகளில் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் சரக்கு.

ஏன் என்று கிளைவ் கேட்டார். அவள் மகள் கேட்டாள். நானும் கேட்டேன். குச்சிகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். அந்தத் தாள் ஒட்டிய பெட்டியில்தான் அவளைப் புதைத்தோம்.