கேரவன் கதவும் குழம்புக் கரண்டியும்

போன வாரம் கொல்லிமலையில் என்னைக் கண்டக்டர் ஆக்கிவிட்டார்கள். ஒரு காலைப்பொழுது முழுக்க அந்த வேலையை ஒழுங்காகவும் பார்த்தேன்.

எல்லாம் ஒரு கதவால் வந்தது.

எனக்கும் மனைவி சாரதாவுக்கும் சேர்த்து மகள் ஒரு கேரவன் வாடகைக்கு எடுத்துக் கொடுத்தாள். படுக்கை, அடுப்பு, டாய்லெட் – எல்லாம் வண்டிக்குள்ளேயே. ஓட்டுவதற்கு பிரகாஷ் என்று ஒரு டிரைவர். கிளம்பும்போதே சாரதாவிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன்: "இந்த ட்ரிப்பில் யாரையும் எதற்கும் உதவிக்குக் கூப்பிட மாட்டேன்." காரணம் உண்டு. இரண்டு வருடமாக விரல் மூட்டெல்லாம் வலி. ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு எதிர் ஃபிளாட்டுக்குப் போய் நிற்கிற மனிதன் நான்.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, தேவனூர் நாட்டில் – அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு – ஒரு பஸ் ஸ்டாப்பை ஒட்டி வண்டியை நிறுத்தினோம். பிரகாஷ் கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனார். சாரதா பனிமூட்டத்தைப் பார்க்க இறங்கினாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டது.

கதவில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிடி. அதை அமுக்கினால் திறக்கும். நான் உள்ளேயிருந்து அமுக்கினேன். சாரதா வெளியேயிருந்து அமுக்கினாள். அவள் மணிக்கட்டும் என் விரல்களுக்குச் சளைத்ததில்லை. கடைசியில் ஜன்னல் வழியாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்... ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கிற மாதிரி.

"கூப்பிடட்டுமா?" என்றாள்.

"வேண்டாம்" என்றேன். எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

அந்தப் பக்கமாக வந்தவர் பொன்னுசாமி. மிளகு விவசாயி, ஐம்பது வயது இருக்கும்.

"ஏனுங்க, உள்ள ஆளை வெச்சுப் பூட்டிட்டாங்களா?"

"பூட்டலைங்க. திறக்க வரலை."

இரண்டே விரலில் திறந்தார். எனக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது. ஒரு கதவைத் திறக்கக்கூட இன்னொருவர் கை வேண்டுமென்றால், மனிதன் எதற்கு ஊர் சுற்றுவது?

அவர் என் விரல்களைப் பார்த்தார். கதவுப் பிடியைப் பார்த்தார். "வண்டில கரண்டி இருக்குங்களா?" என்றார்.

சாப்பிடத்தான் கேட்கிறார் என்று நினைத்து சாரதா தட்டும் எடுத்து வந்தாள். அவர் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கரண்டிகளை மட்டும் வைத்துக்கொண்டார். வெளிப்பிடியோடு குழம்புக் கரண்டியையும் உள்பிடியோடு ரசக் கரண்டியையும் கட்டுக்கம்பி போட்டு இறுக்கினார்.

"பிடி குட்டையா இருந்தா பலம் வேணுமுங்க. நீட்டி உட்டா லேசாயிரும். முழங்கையில அமுக்கிப் பாருங்க."

முழங்கையால் அமுக்கினேன். திறந்தது. அன்று சாயங்காலம் வரை ஒரு வேலையும் இல்லாமல் இறங்கி ஏறிக்கொண்டிருந்தேன். பிரகாஷ் மட்டும், "ஓனர் பார்த்தா என்ன சார் சொல்றது?" என்று கரண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

மறுநாள் காலையில் மூன்று பேரும் கடைத்தெரு வரை நடந்துவிட்டுத் திரும்பினோம். பஸ் ஸ்டாப்பை ஒட்டி நின்ற வண்டிக்குள் எட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் எழுபதுக்கு மேல். படுக்கையில் மூன்று பேர். அடுப்பின் மேல் ஒரு பலாப்பழம். என்னைப் பார்த்ததும் ஒரு பெரியவர் மற்றவர்களிடம் நிம்மதியாகச் சொன்னார்:

"கண்டக்டர் வந்துட்டாருங்க."

டாய்லெட்டுக்குள்ளிருந்து இன்னொருவர் வெளியே வந்தார். ஆக ஒன்பது பேர்.

"எடப்புளி நாட்டுக்கு எப்பங்க எடுப்பீங்க?" என்று கேட்டார் ஜன்னலோரத்தில் இருந்த செல்லம்மாள்.

"அம்மா, இது பஸ் இல்லீங்க. நாங்க வாடகைக்கு எடுத்த வண்டி."

"பஸ் இல்லீங்களா?" அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "அப்பறம் கதவு எப்புடிங்க தொறந்துச்சு?"

செல்லம்மாள் தன் வளைந்த விரல்களை நீட்டிக் காட்டினார்.

"என் கைக்கு இதுவரைக்கும் எந்த வண்டிக் கதவும் தொறந்ததில்லீங்க. யாராச்சும் வந்து தொறக்கோணும், இல்லைன்னா நிக்கோணும். இது முழங்கை பட்டதுமே தொறந்துச்சு. அப்ப எங்களுக்குன்னு உட்ட வண்டிதானுங்களே?"

பஸ்ஸுக்குள் படுக்கை எதற்கு, அடுப்பு எதற்கு என்று அவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. கதவே திறந்துவிட்டது, மற்றதெல்லாம் ஒரு விஷயமா?

பிரகாஷ் என்னைப் பார்த்தார். நான் சாரதாவைப் பார்த்தேன். அவள், "கண்டக்டரே, விசில் கொடுங்க" என்றாள்.

எடப்புளி நாட்டுப் பாதையில் ஆறு இடத்தில் நிறுத்தினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பழக்கதோஷத்தில் பிரகாஷ் கதவைத் திறந்துவிட எழுந்தார். ஒவ்வொருவரும் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, ரசக் கரண்டியை அமுக்கி, தாங்களே திறந்து இறங்கினார்கள். என்னைக் கண்டக்டர் ஆக்கிய பெரியவர் இறங்கி, கதவைச் சாத்தி, குழம்புக் கரண்டியை அமுக்கித் திறந்து மறுபடி ஏறினார்.

"ஏதாவது மறந்துட்டீங்களா?" என்றேன்.

"இல்லீங்க. சும்மா" என்று சொல்லிவிட்டு, இன்னொரு தடவை திறந்து இறங்கிப் போனார். முந்தின நாள் முழுக்க நான் செய்ததும் அதைத்தானே? எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கதவுப் பிடிகளை வடிவமைக்கிறவர்கள் எல்லோருக்கும் விரல்கள் நன்றாக இருக்கின்றன. இருக்கட்டும். ஆனால் அவர்களுக்கும் ஒரு நாள் எழுபது வயது ஆகும்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, எல்லாக் கதவுகளுக்கும் பிடியை நீட்டியதுதான். ஆறு கதவும் இப்போது முழங்கைக்குத் திறக்கின்றன. சாரதா சாம்பாரை டம்ளரில் மொண்டு ஊற்றுகிறாள்.