டொரத்தியின் விட்டில்

கிரிகரி காய்ந்துபோன விட்டில் பூச்சியின் வயிற்றை இடுக்கியால் மெல்ல மேல்நோக்கி அழுத்துகிறார். 'டக்'கென்று முறிகிறது. அந்தத் துண்டைப் பொட்டாஷ் கரைசல் உள்ள சின்னக் கண்ணாடிக் குழாயில் போட்டு, குழாயை வெந்நீர்ச் சட்டியில் நிறுத்துகிறார். பக்கத்து அடுப்பில் கோப்பி கொதிக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் இப்படியும் ஒரு சமையலறை!

சட்டியின் காதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது. கட்டியவர் மனைவி டொரத்தி. "இதுதான் உங்க பூச்சிச் சட்டி. மத்ததத் தொட்டீங்க, அவ்வளவுதான்!" டொரத்தி இறந்துவிட்டார். கட்டளை மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது.

பூச்சி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் கிரிகரி. ஆண் பூச்சியின் பிறப்புறுப்பைப் பற்றிப் பேச அவருக்கு இடம் பொருள் கிடையாது. கூச்சமா? மூச்! வாழையிலைச் சாப்பாட்டுக் கடையிலும் ஆரம்பித்துவிடுவார்.

"எறக்கையப் பார்த்து ஏமாறாதீங்க பாஸ், எல்லாம் ஒரே கலர் லா. உள்ளுக்குப் பாக்கணும். ரெண்டு பக்கமும் பொண்ணப் புடிச்சுக்கத் தகடு, மேல ஒரு கொக்கி, நடுவுல குழாய். குழாய்க்குள்ள முள்ளு. அது நிக்கிற தினுசுதான் பேரச் சொல்லும். விதைப்பை, நாளம் எல்லாம் மெத்து மெத்துனு இருக்கும், பொட்டாஷ்ல கரைஞ்சிரும். கெட்டியானது மட்டும் நிக்கும்."

எதிரே இருப்பவர் அப்பளத்தைக் கீழே வைத்துவிடுவார். கிரிகரி அதையும் எடுத்துக் கடித்துக்கொண்டு மேலே பேசுவார்.

வீட்டில் அவர் சேர்த்து அடுக்கியிருக்கும் பூச்சிப் பெட்டிகளில் ஒரே ஒரு ஆண் விட்டில்தான் பெயரில்லாமல், முழு வயிற்றோடு இருக்கிறது. அது டொரத்தி பிடித்தது. கரப்பான் பூச்சிக்கே நாற்காலிமேல் ஏறுகிற அந்த அம்மாள், அப்போது குடியிருந்த கிள்ளான் வீட்டுச் சுவரில் உட்கார்ந்திருந்த அதைத் தன் பால் சட்டியால் மூடி, அடியில் காலண்டர் அட்டையைச் செருகி, "ஓடி வாங்க, உங்க மாப்பிள்ளை வந்திருக்காரு!" என்று கத்தினாராம். சொல்லும்போதே கிரிகரிக்குச் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். எப்பேர்ப்பட்ட காலம் அது!

இப்போது மகள் ஏமி அவரைக் காஜாங்கில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறாள். பெட்டிகள் பல்கலைக்கழகத்துக்குப் போகப்போகின்றன.

"அங்க அம்மா விட்டிலோட வயித்த ஒடைச்சிருவாங்களா டாடி?"

"ஒடைக்காம எப்படிம்மா பேரு கண்டுபுடிப்பாங்க? யாரோ ஒரு ஆளு ஒடைப்பான்."

"அப்ப இத மட்டும் நம்ம வீட்டுக்குக் கொண்டு போயிரலாம் லா."

"உங்க அம்மா புடிச்சது. கடைசி வரைக்கும் பேரில்லாமலா கெடக்கும்?"

குத்தியிருந்த ஊசியோடு விட்டிலைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார். எத்தனையோ வயிறுகளை முறித்த கை, பாழாய்ப்போன கை, இன்றைக்கென்று பார்த்து முரண்டு பிடித்தது. இடுக்கியைக் கீழே வைத்தார். வேறு யாரோ முறிப்பதை நினைக்கவும் நெஞ்சு கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு இடுக்கியை மறுபடி எடுத்தார்.

டக்.

ஏமி ஓசைப்படாமல் சிவப்பு நூல் சட்டியில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

"அது வேணாம்மா" என்றார் கிரிகரி.

எழுந்துபோய், ஆணியில் தொங்கிய டொரத்தியின் பால் சட்டியை இறக்கி, சட்டை நுனியால் தூசியைத் துடைத்து, அடுப்பில் வைத்தார்.